36-44 என்று துரத்தப்பட்ட பெலிச்சிக்கை மறுபடி ஏன் எடுத்தார்கள்?

நான்காம்_டவுன்:

மூன்று சீசனாகத்தான் என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக், பார்க்கிறேன், கேள்வி அப்பாவித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை பாஸ்டனில், அதனால் ஊரோடு ஒத்துப்போய் பேட்ரியட்ஸ் ரசிகன் ஆகிவிட்டேன். என்ன, நான் வந்து உட்கார்ந்தது பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில்.

ஆபீஸில் பேட்ரியட்ஸின் பழைய தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஆறு சூப்பர் பௌல் (சீசன் இறுதிக் கோப்பை) வாங்கியவர், வாயை மூடு என்கிறது. இன்னொரு கட்சி, அதெல்லாம் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி போட்ட பிச்சை என்கிறது. சரி, நாமே கணக்கை எடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் குழப்பம்தான் கூடியது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸில் 1991 முதல் 1995 வரை ஐந்து வருடம், 36 வெற்றி, 44 தோல்வி, கடைசியில் வேலை போய்விட்டது. 2000-ல் பேட்ரியட்ஸுக்கு வந்த முதல் வருடம் 5-11. ஆக, தலைமைப் பயிற்சியாளராக ஆறு சீசன், அதில் ஐந்தில் தோல்விதான் அதிகம்!

இப்படிப்பட்ட ஒருவருக்காக பேட்ரியட்ஸ் முதலாளி ராபர்ட் கிராஃப்ட் தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையே (கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களில் ஒருவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கும் உரிமை) ஜெட்ஸ் அணிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். எதைப் பார்த்துக் கொடுத்தார்? இன்னொன்று, பந்தையே தொடாத ஒரு ஆள் அப்படி என்னதான் செய்கிறார்? ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உர்ரென்று நிற்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

பழைய_ரீல்:

தலைமைப் பயிற்சியாளர் கணக்கை மட்டும் எடுத்தால் இடிக்கத்தான் செய்யும். அதற்கு முன்னால் பதினாறு சீசன் இருக்கிறது, கிராஃப்ட் பார்த்தது அதைத்தான்.

1975-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முடித்த கையோடு பால்டிமோர் கோல்ட்ஸில் சேர்ந்தார். வாரச் சம்பளம் 25 டாலர். தலைமைப் பயிற்சியாளர் டெட் மார்ச்சிப்ரோடாவுக்கு எடுபிடி என்றே சொல்லலாம். வேலை, எதிரணி ஆடிய ஆட்டங்களின் படச்சுருளை ஓட்டிக் குறிப்பெடுப்பது. கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி அறுபது எழுபது முறை பந்தை ஆடும். ஒவ்வொரு முறைக்கும் எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் எத்தனையாவது), இன்னும் எத்தனை யார்டு வேண்டும், களத்தில் எந்த இடம், யார் எங்கே நின்றார்கள், பந்து கிளம்புமுன் யார் இடம் மாறினார், அப்புறம் என்ன நடந்தது, எல்லாம் எழுத வேண்டும். அதே நாலைந்து நொடியைப் பின்னால் ஓட்டி, முதலில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும், மறுபடி ஓட்டி அடுத்த ஆளை, இப்படி 22 பேர். பல ஆட்டங்களை இப்படி எழுதி அடுக்கினால்தான் "மூன்றாவது டவுன், நாலு யார்டு, டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நிற்பவர்) இடப்பக்கம் நின்றால் இவர்கள் இதைத்தான் செய்வார்கள்" என்று ஒன்று மேலே மிதந்து வரும். நான் ஒரு தடவை, வீட்டில் பதிவு செய்து வைத்த ஒரே ஒரு ஆட்டத்தை இப்படி எழுதப் பார்த்தேன். முதல் கால் பகுதி முடியவே ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது, நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

அவருக்கு இது சின்ன வயதிலிருந்தே வந்தது. அப்பா ஸ்டீவ் பெலிச்சிக் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் முப்பது வருடத்துக்கு மேல் உதவிப் பயிற்சியாளர், எதிரணியை வேவு பார்ப்பதில் கெட்டிக்காரர், 1962-ல் அதைப் பற்றிப் பாடப்புத்தகமே எழுதியவர். மகன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தே வளர்ந்தவர்.

கோல்ட்ஸுக்குப் பிறகு டெட்ராய்ட் இரண்டு வருடம், டென்வர் ஒரு வருடம், 1979-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ். அங்கே தலைமைப் பயிற்சியாளர் பில் பார்செல்ஸின் கீழ் 1985-ல் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (தடுப்பாட்டப் பொறுப்பாளர்) ஆனார், இரண்டு சூப்பர் பௌல் வென்றார்கள். அதில் இரண்டாவதுதான் உங்கள் அடுத்த கேள்விக்குப் பதில். 1991 ஜனவரி 27, டாம்பா, எதிரில் பஃபலோ பில்ஸ். அவர்கள் அதற்கு முந்தைய வாரம் ரெய்டர்ஸை 51-3 என்று துவைத்துக் காயப்போட்டு வந்தவர்கள். ஒருமுறை பந்தை ஆடியதும் கூடிப் பேசாமல் அடுத்ததைக் கடகடவென்று ஆடுவார்கள், தடுக்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பெலிச்சிக் தன் வீரர்களிடம் போய், தர்மன் தாமஸ் நூறு யார்டு ஓடினால் நாம் ஜெயிப்போம், ஓட விடுங்கள் என்கிறார். எதிரணியின் நல்ல ஓட்டக்காரனை யாராவது ஓட விடுவார்களா? பந்தைத் தடுத்து நிறுத்துவதே மானப் பிரச்சினை என்று வளர்ந்த வீரர்கள், அவர்களுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் கணக்கு வேறு. முன்வரிசையில் ஆளைக் குறைத்துப் பின்னால் ஆளைக் கூட்டினால் எறிவதற்கு இடம் கிடைக்காது. எறிய முடியாதவர்கள் ஓடுவார்கள், ஓடினால் மெதுவாகத்தான் முன்னேறுவார்கள். தாமஸ் 135 யார்டு ஓடினார். இந்தப் பக்கம் ஜயண்ட்ஸ் பந்தை 40 நிமிடம் 33 நொடி தங்கள் கையிலேயே வைத்திருந்தது. கடைசியில் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 யார்டு உதை வலப்பக்கம் விலகிப் போனது, 20-19. அந்த உதை உள்ளே போயிருந்தால் இந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். போகவில்லை, அந்தத் திட்டத்தாள் இன்று கேன்டன் ஊரில் இருக்கும் கால்பந்து அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

கிளீவ்லேண்ட் கதையை அப்புறம் எழுதுகிறேன், அது தனிச் சோகம்.

சைடுலைன்_சந்தேகி:

வந்துவிட்டார்கள் பஜனை கோஷ்டி.

நான்காம்_டவுன், நான் ஒரே ஒரு தேதி சொல்கிறேன். 2001 செப்டம்பர் 23. ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ் பக்கவாட்டுக் கோட்டருகே பேட்ரியட்ஸின் முதல் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோவை ஒரு இடி இடித்தார், உள்ளே ரத்தக்கசிவு ஏற்படும் அளவுக்கு. அந்த ராத்திரி பெலிச்சிக்கின் தலைமைப் பயிற்சியாளர் கணக்கு 41 வெற்றி, 57 தோல்வி. பிளெட்ஸோவுக்கு அந்த வருடம்தான் பத்து வருடத்துக்கு 103 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அவருக்கு அடிபடாமல் இருந்தால் டிராஃப்டில் 199-வது ஆளாக எடுத்த பிரேடி என்ற ஒல்லிப் பையனை யார் களத்தில் இறக்கியிருப்பார்கள்? அதிர்ஷ்டம் வீடு தேடி வந்து கதவை உடைத்தது, அவ்வளவுதான்.

பிரேடி 2020 மார்ச்சில் கிளம்பினார். டாம்பா பே போய் 43 வயதில், போன முதல் வருடமே கோப்பை வாங்கினார். இவர்? 7-9, 10-7, 8-9, 4-13. நாலு வருடம் சேர்த்து 29-38. பிளேஆஃப் (சீசன் முடிந்து வரும் நாக்அவுட் சுற்று) ஒரே ஒருமுறை, அதிலும் பஃபலோவிடம் 47-17 என்று அடி. படச்சுருள் பார்க்கிற திறமையெல்லாம் அப்போது எங்கே போனது?

பழைய_ரீல்:

சந்தேகி ஐயா, 199-வது ஆளாக எடுத்தவர் யார்? அதைவிட, 2000 சீசனில் அணியில் நாலு குவார்ட்டர்பேக் வைத்திருந்தார்கள், பிரேடி நாலாவது. நாலு பேரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அந்த இடத்தில் வேறொரு உபயோகமான ஆளை வைப்பார்கள், அதுவும் 5-11 அணிக்கு ஓட்டை இல்லாத இடமே கிடையாது. அந்தப் பையனை வெளியே விட்டால் வேறு யாராவது தூக்கிவிடுவார்கள் என்று ஒரு வருடம் சும்மா உட்கார வைத்துச் சோறு போட்டார். அப்புறம் 2001 நவம்பரில் பிளெட்ஸோ குணமாகித் திரும்பினார். 103 மில்லியன் ஆள் பெஞ்சில், பையன் களத்தில். முதலாளி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவீர்களா?

2008-ஐயும் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள். பிரேடிக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. மாட் கேசல் என்ற, கல்லூரியிலேயே முதல் ஆளாக இறங்காத ஒருவரை வைத்து அந்த அணி 11-5.

சரி, கிளீவ்லேண்ட். 1993 நவம்பரில், அணி 5-3 என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தபோது, குவார்ட்டர்பேக் பெர்னி கோசாரை அனுப்பிவிட்டார். கோசார் ஒஹாயோ மண்ணின் பிள்ளை, ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியவர். காரணம் கேட்டவர்களுக்குத் திறமை குறைந்துகொண்டு வருகிறது என்று ஒரு வரி. ஆட்ட ரீதியாக அது சரியாகவே இருந்திருக்கலாம், ஆனால் மாற்று ஆட்டக்காரர் வின்னி டெஸ்டவெர்டி அந்த நேரம் காயத்தில் கிடந்தார், அணி 7-9 என்று முடிந்தது, கோசார் நேரே டல்லஸ் போய் சூப்பர் பௌல் மோதிரத்தோடு வந்தார். நிருபர்களிடம் முணுமுணுவென்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது வேறு. ஊரில் ஒருத்தருக்கும் அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் அடுத்த வருடமே 11-5, டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் நிக் சேபன், பிளேஆஃபில் ஒரு வெற்றி (தோற்றது யார் என்று நினைக்கிறீர்கள், பார்செல்ஸின் பேட்ரியட்ஸ்). 1995-ல் பெரிதாக வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நவம்பர் 6 அன்று முதலாளி ஆர்ட் மோடெல் அணியையே பால்டிமோருக்குப் பெயர்க்கிறேன் என்று அறிவித்தார். சீசன் நடுவில். அப்போது 4-5. மிச்சம் ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அது சொந்த ஊரில் கடைசி ஆட்டம், ரசிகர்கள் ஸ்டேடியத்து பெஞ்சுகளைப் பிடுங்கிக் களத்தில் எறிந்துகொண்டிருந்தார்கள். 36-44 என்ற உங்கள் கணக்கில் இந்த ஏழு ஆட்டமும் சேர்த்திதான். 1996 பிப்ரவரியில் மோடெல் இவரை நீக்கினார். பால்டிமோருக்குப் புதிதாக யாரை எடுத்தார் தெரியுமா? டெட் மார்ச்சிப்ரோடா. இருபது வருடம் முன்னால் அதே ஊரில் இவருக்கு 25 டாலர் கொடுத்தவர்.

அந்த வருடமே பார்செல்ஸ் இவரை பேட்ரியட்ஸுக்கு உதவியாளராக அழைத்துக்கொண்டார். அங்கேதான் கிராஃப்ட் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரே சீசன்தான், அணி சூப்பர் பௌல் வரை போய் கிரீன் பேயிடம் தோற்றது. பிறகு இவர் பார்செல்ஸோடு ஜெட்ஸுக்குப் போய்விட்டார். 2000 ஜனவரியில் பார்செல்ஸ் விலகினார், ஒப்பந்தப்படி இவர்தான் அடுத்த தலைமைப் பயிற்சியாளர். மறுநாள் அறிமுகக் கூட்டம். வந்தவர் ஒரு தாளில் கையால் கிறுக்கியதைக் கொடுத்தார், ஜெட்ஸ் தலைமைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று. ஒரே நாள்! ஒப்பந்தம் செல்லும் என்று லீக் சொல்லிவிட்டதால்தான் கிராஃப்ட் டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுத்து மீட்க வேண்டி வந்தது. இந்த ஆள் வேண்டாம் என்று பலர் தன்னிடம் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஹூடி_ரசிகன்:

இவ்வளவு எழுதினீர்கள், அந்தச் சாம்பல் நிறச் சட்டைக்கு ஏன் கையை வெட்டினார் என்று ஒருவரும் சொல்லவில்லையே. முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு...

கோல்லைன்_மூவர்:

இந்தப் பிரேடியா பெலிச்சிக்கா சண்டை இருபது வருடமாக நடக்கிறது, இங்கே தீராது. நான்காம்_டவுன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரு நிமிடம் இருக்கிறது, நிஜமாகவே ஒரு நிமிடம்.

2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல், கிளென்டேல், அரிசோனா. பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. சியாட்டிலின் மார்ஷான் லின்ச் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், பேட்ரியட்ஸின் டான்டா ஹைடவர் ஒற்றைத் தோளால் அவரைக் கோல்லைனுக்கு ஒரு யார்டு முன்னால் சாய்க்கிறார். ஆட்டத்தில் சுமார் ஒரு நிமிடம் பாக்கி. இப்போது எல்லோரும் என்ன செய்வார்கள்? டைம்அவுட் எடுப்பார்கள். சியாட்டில் எப்படியும் கோடு தாண்டிவிடும், பதிலுக்கு பிரேடிக்கு நேரம் மிச்சம் வேண்டுமே. பெலிச்சிக் கையில் இரண்டு டைம்அவுட் இருந்தது. வர்ணனையாளர்கள் கத்துகிறார்கள். இவர் எதிர்ப்பக்கத்து சைடுலைனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் சொன்ன அதே உர்ர் முகம்தான். கடிகாரம் ஓடுகிறது, ஐம்பது, நாற்பது, முப்பது. அங்கே அவர்களுக்குள் ஏதோ தடுமாற்றம் என்று பட்டதாகப் பிறகு சொன்னார். டைம்அவுட் எடுத்தால் அவர்கள் நிதானமாக யோசித்து ஆளை மாற்றிக்கொள்வார்கள், அந்த உதவியைச் செய்யவில்லை.

சியாட்டில் மூன்று ரிசீவர்களை (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) இறக்கியது. அதற்கு நேராக பேட்ரியட்ஸ் கோல்லைனுக்கென்றே வைத்திருந்த ஒரு அமைப்பு, முன்னால் கனமான ஆட்கள், பின்னால் மூன்று கார்னர்பேக் (ரிசீவர்களைத் தடுப்பவர்கள்). மூன்றாவது ஆளாக உள்ளே ஓடியவர் மால்கம் பட்லர், வெஸ்ட் அலபாமா என்ற சின்னக் கல்லூரி, டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுப் பையன். சியாட்டிலின் இதே ஆட்டத்தை அந்த வாரப் பயிற்சியில் மாற்று ஆட்டக்காரர்களை வைத்து ஆடிக் காட்டியிருந்தார்கள், பட்லர் அதில் ஏமாந்து கேட்ச் விட்டுக்கொடுத்து, சுற்றிப் போகாதே, நேரே பாய் என்று வாங்கிக்கட்டிக்கொண்டவர். 26 நொடி இருக்கும்போது பந்து கிளம்பியது. முன்னால் நின்ற ரிசீவரை பிரண்டன் பிரவுனர் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்த, சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிய, பட்லர் சுற்றிப் போகவில்லை, நேரே பாய்ந்து பந்தைப் பறித்தார்.

பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்றால் இதுதான். அந்த அமைப்பைத் திட்டத்தில் சேர்த்தது, பயிற்சியில் அந்த ஆட்டத்தை ஆட வைத்தது, அப்புறம் அந்த ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்றது.

எதிர்ப்பக்கத்தில் சியாட்டிலின் பயிற்சியாளராக நின்றவர் பீட் கேரல். 2000-ல் பெலிச்சிக்குக்கு இடம் விட பேட்ரியட்ஸ் வெளியே அனுப்பியது அவரைத்தான்.

சைடுலைன்_சந்தேகி:

நல்ல கதை. தொடர்ச்சியை நான் சொல்கிறேன். அதே பட்லர், மூன்று வருடம் கழித்து, 2018 பிப்ரவரி, சூப்பர் பௌல், எதிரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். சீசன் முழுக்க ஆடியவரை அன்றைக்கு டிஃபென்ஸில் ஒருமுறைகூட இறக்கவில்லை. பிரேடி 505 யார்டு எறிந்தார், 41-33 என்று தோற்றார்கள். ஏன் உட்கார வைத்தார் என்று இன்றுவரை நேராகப் பதில் இல்லை. கண்ணீரோடு தேசிய கீதத்துக்கு நின்ற பட்லரை நாடே பார்த்தது.

கோசார், பட்லர், பெயர்தான் மாறுகிறது. ஒருவர் சொல்வதை மறுத்துப் பேச ஆளே இல்லாத இடத்தில் இதுதான் நடக்கும். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் அவரே, ஆட வைப்பதும் அவரே. 2019-ல் முதல் சுற்றில் நிகீல் ஹாரி என்ற ரிசீவரை எடுத்தார், அவருக்குப் பிறகு வரிசையில் இருந்தவர்கள் டீபோ சாமுவேல், ஏ.ஜே. பிரவுன், டி.கே. மெட்காஃப். 2022-ல் ஆஃபென்ஸை (தாக்குதல் ஆட்டத்தை) யாரிடம் கொடுத்தார்? மாட் பட்ரீஷியாவிடம், அவர் பேர் வாங்கியதே டிஃபென்ஸில். மாக் ஜோன்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக் அந்த வருடம் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை. 2007-ல் ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் சைகைகளைக் கேமராவில் எடுத்து மாட்டி, தனக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு இரண்டரை லட்சம் அபராதம், ஒரு முதல் சுற்று வாய்ப்பும் போச்சு. மாட்டிவிட்டது அவருடைய பழைய உதவியாளர் எரிக் மான்ஜீனி நடத்திய ஜெட்ஸ் அணி.

பழைய_ரீல்:

இதில் பாதியை நான் மறுக்கவில்லை. 1991-ல் வீரர்களின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் தாமஸை ஓட விட்ட அதே பிடிவாதம்தான் பட்லரை பெஞ்சில் உட்கார வைத்தது. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரேடி இருந்தவரை பிடிவாதம் தப்பாகப் போன வாரங்களிலும் ஜெயிக்க வழி இருந்தது, இவ்வளவுதான் என் சமரசம், இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

2024 ஜனவரியில் பேட்ரியட்ஸை விட்டுப் போகும்போது பிளேஆஃபையும் சேர்த்து 333 வெற்றி. பயிற்சியாளர்களில் அதிக வெற்றி என்ற டான் ஷூலாவின் 347-ஐத் தொட பதினாலு பாக்கி. அட்லாண்டா இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிவிட்டு ரஹீம் மோரிஸை எடுத்துக்கொண்டது. எட்டு மோதிரம் வைத்திருப்பவரை, ஆறு தலைமையில், இரண்டு ஜயண்ட்ஸில், வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. 72 வயதில் முதல்முறையாகக் கல்லூரி அணி, வட கரோலினா, அப்பா 1950களில் உதவிப் பயிற்சியாளராக இருந்த அதே சாப்பல் ஹில். 2025-ல் முதல் ஆட்டம் டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியிடம் 48-14 தோல்வி, சீசன் 4-8. நான் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் கால் பகுதியிலேயே ஸ்டேடியத்தில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்துவிட்டார்கள், கேமரா அவரையே காட்டிக்கொண்டிருந்தது, எனக்கு ரிமோட்டை எடுக்க மனசு வரவில்லை.

நான்காம்_டவுன்:

எல்லோருக்கும் நன்றி, ஹூடி_ரசிகன் உட்பட. அந்த ஒரு நிமிடத்தைத் தேடி எடுத்து நேற்று ராத்திரி நாலு தடவை பார்த்தேன், முதல் தடவை பந்தைப் பார்த்தேன், மிச்சம் மூன்று தடவை அவர் முகத்தை.

இன்று ஆபீஸில் பிரேடி கட்சித் தலைவரிடம் 2008 பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த வருடம் பிளேஆஃப் போனார்களா, முதலில் அதைச் சொல் என்றார். சொல்லத் தெரியவில்லை. போனார்களா?

சைடுலைன்_சந்தேகி:

இல்லை. :)

பழைய_ரீல்:

11-5 எடுத்தும் இடம் கிடைக்கவில்லை. அதே சீசனில் சான் டியேகோ 8-8 எடுத்து உள்ளே போனது. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.